ரத்தம் போகிற நோய்தான், ஆனால் ரத்தம் உறைவதும் அதில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் அழற்சி நோயைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், உடல் மெலிவு, ஸ்டீராய்டு, அறுவை சிகிச்சை என்ற வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதன் இரு வகைகளான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் புண் நோய்), க்ரோன்ஸ் நோய் இரண்டிலும் உயிரைத் திடீரென்று பறிக்கக்கூடிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. காலின் ஆழமான சிரையில் ரத்தம் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைப்பதுதான் அது. பல வருடங்களாக இந்த நோயோடு வாழ்பவர்கள்கூட இதைக் கேள்விப்பட்டதில்லை என்பது எங்களை உறுத்துகிறது. குடல் நோய்ப் பிரிவிலும் ரத்த உறைவு சிகிச்சையிலும் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி அல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பார்கன், பார்க்கர் என்ற இரு மருத்துவர்கள் 1936ஆம் ஆண்டிலேயே, பெருங்குடல் புண் நோயாளிகளின் சிரைகளிலும் தமனிகளிலும் ரத்தம் உறைந்ததைப் பதிவு செய்துவிட்டார்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டது: நீண்டகால அழற்சி எதுவானாலும் இப்படித்தானா? மூட்டுவாத நோயாளிகளையும் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அவர்களிடம் ஆபத்து கூடியிருக்கவில்லை. குடல் அழற்சி நோயாளிகளில் 100க்கு 6.2 பேருக்கு ரத்தக்கட்டி வந்திருந்தது, ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களில் 1.6 பேருக்குத்தான். பொதுவாகச் சொன்னால் மற்றவர்களைவிட இவர்களுக்கு ஆபத்து இரண்டு முதல் மூன்று மடங்கு.

அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருப்பதுதான் முக்கியம். பிரிட்டனில் 13,000க்கும் மேற்பட்ட குடல் அழற்சி நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுமொத்த ஆபத்து 3.4 மடங்கு என்றும், நோய் மறுபடி தலைதூக்கிய நேரத்தில் மட்டும் அது 8.4 மடங்கு என்றும் தெரிந்தது. வீட்டிலிருந்தபடியே நோய் தலைதூக்கியவர்களை அதே போல வீட்டிலிருக்கும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 16 மடங்கு. இந்த எண்ணைக் கேட்டதும் பதறிவிடக் கூடாது. மடங்குக் கணக்கு ஒன்று, தலைக்கணக்கு வேறு. வீட்டில் நோய் தலைதூக்கியிருக்கும் 1000 பேரை ஒரு வருடம் முழுக்க அதே நிலையில் வைத்துப் பார்த்தால் 6.4 பேருக்கு ரத்தக்கட்டி வரும். ஒரு தடவை நோய் கிளர்ந்து அடங்க நான்கு மாதம் என்று வைத்தால் 1000க்கு இரண்டு பேர். மருத்துவமனையில் படுத்திருக்கும் நிலையிலோ அதே கணக்கு 37.5 ஆகிறது, அதாவது நாளொன்றுக்கான ஆபத்து ஆறு மடங்கு. அதனால்தான் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தடுப்பு மருந்து வேண்டும் என்கிறோம், வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் வேண்டும் என்று சொல்வதில்லை.

ரத்தம் வெளியே போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்கு உள்ளே எப்படி உறையும்? நோயாளியின் வீட்டார் மட்டுமல்ல, படித்த செவிலியரும் இளம் மருத்துவர்களும் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மலத்தில் ரத்தம் வருவது உறையும் சக்தி குறைந்ததால் அல்ல. குடலின் உட்தோல் புண்ணாகி, அதன் கீழே உள்ள நுண்குழாய்கள் திறந்துகொண்டதால் வருகிறது. உறையும் சக்தியோ நேர் எதிராக, வழக்கத்தைவிட முறுக்கேறி நிற்கிறது. புண்ணிலிருந்து கிளம்பும் டி.என்.எஃப்., இன்டர்லியூகின்-6 போன்ற அழற்சிச் செய்திகள் கல்லீரலை உசுப்பி ஃபைப்ரினோஜனையும் எட்டாம் உறைகாரணியையும் கூடுதலாகச் சுரக்க வைக்கின்றன. ரத்தக்குழாயின் உள்வரியிலும் வெள்ளணுக்களிலும் உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணி வெளிப்படுகிறது. பிளேட்லெட் எண்ணிக்கை ஏறுகிறது, இரும்புச் சத்துக் குறைவு அதை இன்னும் ஏற்றிவிடும். உறைதலுக்குக் கடிவாளமான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவை தளர்கின்றன. வயிற்றுப்போக்கில் நீர் வற்றி ரத்தம் கெட்டிப்படுகிறது, வலியிலும் களைப்பிலும் நோயாளி கட்டிலை விட்டு எழுவதில்லை. ரத்தம் தேங்குவது, குழாய்ச் சுவர் சேதப்படுவது, உறையும் தன்மை கூடுவது என்று ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோவின் பெயரால் சொல்லப்படும் மூன்று காரணங்களும் ஒரே கட்டிலில் கூடிவிடுகின்றன. இதற்கு மேல் ஸ்டீராய்டு, கழுத்திலோ கையிலோ செருகிய மையச் சிரைக்குழாய், அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கிறது.

சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் உறைவுக் கோளாறுகள் இந்த நோயாளிகளிடம் மற்றவர்களைவிட அதிகம் இல்லை. ஆகவே எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை செய்வதில் பயன் கிடையாது. முடிவு எப்படி வந்தாலும் படுக்கையில் கொடுக்க வேண்டிய தடுப்பு ஊசி மாறப்போவதில்லை.

அந்த ஊசிக்கு வருவோம். நாங்கள் எழுதுவதற்கு முதற்காரணம் அதுதான்.

நோய் தீவிரமாகி மருத்துவமனையில் சேர்ந்த, வயது வந்த ஒருவருக்கு, வேறு தடை இல்லையென்றால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வகை மருந்தைச் சேர்ந்த நாளிலேயே தொடங்க வேண்டும். வழக்கமான அளவு எனாக்ஸபரின் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை, தோலுக்கடியில். டால்டிபரின் என்றால் 5000 அலகுகள், அதுவும் நாளுக்கு ஒரு முறை. சாதாரண ஹெபாரின் என்றால் 5000 அலகுகள், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் எனாக்ஸபரின் உடலில் தேங்கும். அளவைக் குறைக்க வேண்டும், அல்லது சாதாரண ஹெபாரினுக்கு மாற வேண்டும். பேதியால் நீர் வற்றியவர்களிடம் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஒரே நாளில் ஏறிவிடும் என்பதால், சேர்ந்த அன்று பார்த்த அளவை நம்பி ஒரு வாரம் ஓட்டுவது தவறு. உடல் மிகப் பருமனாக இருந்தால், அதாவது உடல் நிறைக் குறியீடு 40க்கு மேல் இருந்தால், 40 மில்லிகிராம் போதாமல் போகலாம்; அதையே நாளுக்கு இரு முறை கொடுப்பது வழக்கம்.

எழுதிக் கொடுப்பதில் பெரிய குறை இல்லை. எழுதியது உடம்பில் ஏறுவதில்லை என்பதுதான் குறை. மருந்துச் சீட்டில் வரி இருக்கும், கையெழுத்துக் கட்டத்தில் 'கொடுக்கவில்லை, ரத்தப்போக்கு' என்று இருக்கும். காலையில் மலத்தில் ரத்தம் பார்த்த செவிலியர் பயந்து நிறுத்தியிருப்பார். அல்லது நோயாளியே, ‘எனக்கு ஏற்கெனவே ரத்தம் போகிறது, இந்த ஊசி வேண்டாம்’ என்று மறுத்திருப்பார். கொலனோஸ்கோப்பி, ஸ்கேன் என்று கீழே போன நேரத்தில் ஊசி நேரம் கடந்து, அன்றைய அளவு அப்படியே போயிருக்கும். ஒரு நாள் தவறியது என்று யாருக்கும் உறுத்துவதில்லை. இந்த மருந்தின் வேலை ஏறக்குறைய ஒரு நாளோடு முடிகிறது. ஒன்று தவறினால் அடுத்த ஊசி வரை பாதுகாப்பே இல்லை.

குடல் அழற்சி நோயில் மலத்தோடு வரும் வழக்கமான ரத்தம் இந்த ஊசிக்குத் தடை அல்ல. உலகின் முக்கியமான குடல்நோய் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல்கள் எல்லாமே இதில் ஒரே குரலில் பேசுகின்றன. தடுப்பு அளவு ஹெபாரினால் ரத்தப்போக்கு குறிப்பிடும்படி கூடுவதில்லை. ஒரு காலத்தில் ஹெபாரினையே பெருங்குடல் புண்ணுக்கு மருந்தாகக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். நோயைக் குணப்படுத்துவதில் அது பெரிதாகச் சாதிக்கவில்லை, ஆனால் அந்த நோயாளிகள் ரத்தப்போக்கில் மூழ்கிவிடவும் இல்லை.

நிறுத்த வேண்டிய சந்தர்ப்பம் உண்டு, அது வேறு. ரத்த அழுத்தம் இறங்கி, நாடி எகிறி, ஹீமோகுளோபின் மணிக்கணக்கில் சரிந்து, ரத்தம் ஏற்றியும் பிடிகொடுக்காத பெருக்கு வந்தால் ஊசி வேண்டாம். பிளேட்லெட் 50,000க்குக் கீழே விழுந்தாலும் அப்படியே. அப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கால்களைச் சுற்றி மாறி மாறி அழுத்தும் காற்றுப் பை இயந்திரத்தைப் போட்டு, ரத்தப்போக்கு கட்டுப்பட்டதும் ஊசிக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாள் நிறுத்தியதை அடுத்த நாள் சுற்றில் மறுபடி யோசிக்க யாரும் இல்லாமல், வீடு திரும்பும் வரை நிறுத்தியே வைப்பதுதான் நடக்கிற தவறு. எந்த நாளில் நிறுத்தினோம், எதைப் பார்த்தால் மறுபடி தொடங்குவோம் என்ற இரண்டையும் சீட்டிலேயே எழுதிவைத்தால் இது நேராது.

ஊசி போடும் முறையையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வீட்டுக்குப் போன பிறகு சிலர் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். படுத்தோ சாய்ந்தோ இருந்துகொண்டு, தொப்புளிலிருந்து குறைந்தது 5 சென்டிமீட்டர் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் இடம் பார்க்க வேண்டும். இன்று வலது என்றால் நாளை இடது. வயிற்றில் மலப்பை பொருத்தியவர்கள் அந்தத் திறப்பையும் பழைய தழும்புகளையும் விட்டு விலகிப் போட வேண்டும். மருந்து நிரப்பியே வரும் ஊசியில் ஒரு சிறு காற்றுக்குமிழி இருக்கும், அதை வெளியேற்றக் கூடாது. வெளியேற்றினால் மருந்தும் கொஞ்சம் போய்விடும். தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடித்துப் பிடித்து, ஊசியை நேராக முழுவதும் இறக்கி, மெதுவாக அழுத்தி, எடுக்கும் வரை மடிப்பை விடாமல் இருக்க வேண்டும். எடுத்த பிறகு தேய்க்கவே கூடாது. தேய்ப்பதால்தான் பெரிய கன்றல் வருகிறது. சிறிய நீலத் தடம் வருவது சாதாரணம். அதைப் பார்த்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

ஹெபாரினுக்கு அரிதான, ஆனால் கொடிய பக்கவிளைவு ஒன்று உண்டு. சிலருடைய உடல் அதற்கு எதிராகக் கிளர்ந்து பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துவிடும். எண்ணிக்கை விழும், அதே சமயம் புதிய ரத்தக்கட்டிகள் தோன்றும். வழக்கமாக ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும். அறுவை சிகிச்சை ஆனவர்களிடமும் சாதாரண ஹெபாரின் பெற்றவர்களிடமும் கூடுதலாக வரும். குடல் அழற்சி நோயாளிகளில் இதைப் பிடிப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அவர்களுடைய பிளேட்லெட் தொடக்கத்திலேயே ஐந்து, ஆறு லட்சம் என்று ஏறி நிற்கும். எட்டாம் நாள் 2.5 லட்சம் என்று வந்தால் ஆய்வகத் தாள் அதை ‘இயல்பு’ என்றே அச்சடிக்கும். உண்மையில் பாதியோ அதற்கு மேலோ விழுந்துவிட்டது. ஆகவே தாளில் உள்ள இயல்பு எல்லையைப் பார்க்காமல், முந்தைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். அழற்சி தணியும்போதும் எண்ணிக்கை இறங்கும், ஆனால் அது படிப்படியாக நடக்கும். இரண்டு நாளில் பாதியாகச் சரிவது அப்படியல்ல. சந்தேகம் வலுத்தால், குழாயைக் கழுவப் பயன்படும் ஹெபாரின் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஹெபாரின் அல்லாத உறைவுத் தடுப்பு மருந்துக்கு மாற வேண்டும்.

கட்டி வந்துவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது ஏன் தாமதமாகிறது? ஒவ்வோர் அறிகுறிக்கும் குடல் நோயிலேயே ஒரு சாக்கு தயாராக இருப்பதால். மூச்சு வாங்குகிறது என்றால், ரத்தசோகை. கால் வீங்கியது என்றால், புரதம் குறைந்துவிட்டது. நாடி வேகமாக ஓடுகிறது என்றால், காய்ச்சல், நீர் வற்றல். வயிற்று வலி கூடியது என்றால், நோய் கிளர்ந்துவிட்டது. தலைவலி என்றால், ஸ்டீராய்டில் தூக்கமில்லை. இந்த விளக்கங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் ஆபத்து.

சில வேறுபாடுகளைக் கையிலேயே பார்த்துவிடலாம். புரதம் குறைந்தால் இரண்டு கால்களும் சேர்ந்து வீங்கும், கணுக்காலை அழுத்தினால் குழி விழும். ரத்தக்கட்டியில் பெரும்பாலும் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை கனத்து, தொட்டால் வலித்து, சற்றுச் சூடாக இருக்கும். அளவுநாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் புடைத்திருக்கும் மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கி, இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் எடுங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும். வித்தியாசம் இல்லை என்பதற்காக மட்டும் சந்தேகத்தைக் கைவிடவும் கூடாது. ரத்தசோகையில் மூச்சு வாங்குவது வாரக்கணக்கில் மெல்லக் கூடும். நேற்று மாடி ஏறியவர் இன்று குளியலறை வரை நடக்க மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், மயங்கி விழுந்தால், ஹீமோகுளோபினைப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. நுரையீரல் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன் தேவை.

வயிற்றுக்குள்ளேயே கட்டி வருவது இந்த நோயாளிகளிடம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையும் குடலின் சிரைகளும் அழற்சியின் மடியிலேயே இருக்கின்றன. பெருங்குடலை அகற்றிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, காய்ச்சலோடு விளங்காத வயிற்று வலியோ வாந்தியோ வந்தால், சீழ்க்கட்டியைத் தேடும் அதே சி.டி.யில் சிரைகளும் தெரியும்படி மருந்து ஏற்றி எடுக்கச் சொல்ல வேண்டும். அரிதாக மூளையின் சிரைகளிலும் ரத்தம் உறையும். முன்பு இல்லாத விதமான தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, பார்வை மங்குவது, வலிப்பு, ஒரு பக்கம் பலம் குறைவது எல்லாம் அதன் அடையாளங்கள். சாதாரண சி.டி.யில் இது தெரியாமலேயே போகலாம். சிரைகளைப் பார்க்கும் தனி ஸ்கேனை மருத்துவர் அந்த ஸ்கேனின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் எடுப்பார்கள்.

ரத்தக்கட்டி கரையும்போது வெளிப்படும் துணுக்கை அளக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை இங்கே அடிக்கடி குழப்பத்தை உண்டாக்குகிறது. அழற்சி கிளர்ந்திருக்கும்போது ரத்தக்கட்டி இல்லாமலேயே அது ஏறியிருக்கும். ஆகவே ஏறியிருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. சந்தேகம் குறைவாக உள்ள ஒருவருக்கு இயல்பாக வந்தால் மட்டும் அது ஆறுதல். சந்தேகம் பலமாக இருக்கும்போது அதைக் காத்திருந்து பார்க்காமல் நேரே ஸ்கேனுக்குப் போவதே நல்லது.

சிகிச்சைக்கான அளவு தடுப்பு அளவிலிருந்து வேறு. எனாக்ஸபரின் என்றால் கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. இதற்கு இன்றைய எடை வேண்டும். இந்த நோயில் ஒரு மாதத்தில் பல கிலோ இறங்கிவிடும், பழைய சீட்டில் உள்ள எடையை எடுத்துக் கணக்குப் போட்டால் அளவு கூடிவிடும். மாத்திரை என்றால் அபிக்ஸபான் முதல் 7 நாள் 10 மில்லிகிராம் இரு வேளை, பிறகு 5 மில்லிகிராம் இரு வேளை. ரிவராக்ஸபான் முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரு வேளை, பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை. ரிவராக்ஸபானைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் முழுவதும் உடம்பில் சேராது. இந்த மாத்திரைகள் பெரும்பாலும் இரைப்பையிலும் சிறுகுடலின் மேல்பகுதியிலும் உறிஞ்சப்படுவதால், பெருங்குடலை மட்டும் எடுத்தவர்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. சிறுகுடலில் நிறைய வெட்டி எடுத்தவர்களுக்கும், விழுங்கியது அப்படியே வெளியேறும் அளவுக்குப் பேதி உள்ளவர்களுக்கும் ஊசியே பாதுகாப்பு. அந்த விஷயத்தை மாத்திரை எழுதும் மருத்துவரிடம் நோயாளிதான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. எங்கே, எவ்வளவு குடல் எடுக்கப்பட்டது என்ற அறுவைக் குறிப்பின் நகல் கையில் இருந்தால் அந்த உரையாடல் எளிதாக முடியும்.

பழைய உறைவுத் தடுப்பு மாத்திரையான வார்ஃபரினில் இருப்பவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். இந்த நோயில் அது ஓரிடத்தில் நிற்காது. மெட்ரோனிடஸோல், சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள் இரண்டும் அதை ஏற்றும். சாப்பாடு குறைந்து பேதி நீடித்தால் வைட்டமின் கே குறைந்து இன்னும் ஏறும். குடல் அழற்சியை அடக்கக் கொடுக்கும் அசத்தியோப்ரின், மெர்காப்டோப்யூரின் வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும்; அவற்றைத் தொடங்கும்போது ஐ.என்.ஆர். இறங்கும், நிறுத்தும்போது திடீரென்று ஏறும். இவற்றில் எதைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் சில நாள்களுக்குள் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த உறைவுத் தடுப்பு மருந்தானாலும், வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். அவை ரத்தப்போக்கைக் கூட்டும், குடல் நோயையும் கிளப்பிவிடலாம். பாராசிட்டமால் போதும்.

எவ்வளவு காலம்? குறைந்தது மூன்று மாதம். நோய் கிளர்ந்த நேரத்தில் கட்டி வந்திருந்தால், நாள்காட்டியை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. குடல் நோய் அடங்கி, அடங்கிய நிலையில் மூன்று மாதமாவது ஆகும் வரை தொடர்வது நல்லது. குடல் அமைதியாக இருந்தபோதே, வேறு தூண்டுதல் எதுவும் இல்லாமல் வந்திருந்தால் காலவரையின்றித் தொடர்வதை யோசித்து, அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தெரியாமல் வந்த கட்டிக்கு மருந்து நிறுத்திய பிறகு ஐந்து வருடத்துக்குள் மறுபடி வந்தது குடல் அழற்சி நோயாளிகளில் 33 சதவீதம், மற்றவர்களில் 22 சதவீதம். சிகிச்சைக் காலத்தில் மலத்தில் ரத்தம் கூடினால் நோயாளிகள் தாங்களாகவே மாத்திரையைப் பாதியாக்கிக்கொள்கிறார்கள். பாதி அளவு கட்டியையும் கரையவிடாது, புண்ணையும் ஆற்றாது. அந்த ரத்தம் பெரும்பாலும் குடல் அழற்சி சரியாகக் கட்டுப்படவில்லை என்பதற்கான தகவல். மாற்ற வேண்டியது குடலுக்கான மருந்தாகவே இருக்கும்.

குடல் மருந்துகளும் இந்தக் கணக்கில் சேரும். ஸ்டீராய்டு ஆபத்தைக் கூட்டுகிறது. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகாமல், டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்துகள் போன்றவற்றால் அழற்சியை அடக்குவது ரத்தக்கட்டிக்கும் சேர்த்துச் செய்யும் சிகிச்சை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் டோஃபாசிட்டினிப் மாத்திரையை, ஓர் ஆய்வில் 10 மில்லிகிராம் இரு வேளை எடுத்தவர்களிடம் ரத்தக்கட்டி கூடியது என்று 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை சேர்த்தது; 2021இல் அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகளுக்கும் அதை விரித்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் இதய நோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ள, 50 வயதைக் கடந்த மூட்டுவாத நோயாளிகள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். முன்பு ரத்தக்கட்டி வந்தவர் தொடங்குவதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே எடுப்பவர் பயந்து தானாக நிறுத்தினால் நோய் கிளம்பும், கிளம்பிய நோயே பெரிய ஆபத்து.

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை நோய் அடிக்கடி தலைதூக்கும் பெண்களும், ரத்தக்கட்டி வந்தவர்களும் தவிர்ப்பது நல்லது. கருப்பைக்குள் பொருத்தும் செம்புச் சாதனமோ (காப்பர்-டி), புரோஜெஸ்டோஜன் ஹார்மோன் மட்டும் உள்ள அதே வகைச் சாதனமோ மாற்றாகும். கர்ப்பமும் பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரமும் தாமாகவே ரத்தம் உறைவதைக் கூட்டும் காலம். அப்போது நோய் கிளர்ந்தாலோ அறுவைப் பிரசவம் ஆனாலோ தடுப்பு ஊசியைப் பற்றி முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். ஹெபாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. வார்ஃபரின் போகும், முதல் மூன்று மாதத்தில் சிசுவின் உருவத்தையே பாதிக்கும். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் வேண்டாம்.

வீடு திரும்பும் நாள் பாதுகாப்பு முடியும் நாள் அல்ல. வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் கட்டிகளில் கணிசமானவை வீட்டுக்குப் போன பிறகே வருகின்றன. பெரிய அறுவை ஆனவர்களுக்கு, குறிப்பாக முன்பே கட்டி வந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு தொடர்பவர்கள், நடமாட்டம் குறைந்தவர்களுக்கு, நான்கு வாரம் வரை ஊசியைத் தொடர்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீரும் உப்புக்கரைசலும் வற்றாமல் குடிப்பது, மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பது, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருப்பது எல்லாம் நல்லவைதான். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் அவை ஊசிக்கு ஈடாகா. அழுத்தக் காலுறையும் ஆஸ்பிரினும் அப்படியே.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் குடல் அழற்சி நோய் பற்றி அடுத்து எது வெளியானாலும், அதன் பக்கத்தில் நான்கு வரிகளைக் கட்டம் கட்டிப் போடுங்கள்: ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறலும் மூச்சிழுக்கையில் நெஞ்சுவலியும், நாளுக்கு நாள் கூடும் புதுவிதத் தலைவலி, வழக்கமான கிளர்ச்சியிலிருந்து மாறுபட்ட, மருந்துக்கு அடங்காத வயிற்று வலி. இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய், ‘எனக்குக் குடல் அழற்சி நோய் இருக்கிறது, ரத்தக்கட்டியாக இருக்குமா?’ என்று அந்த வார்த்தைகளிலேயே கேட்கச் சொல்லுங்கள். ஐந்தாவதாக, கட்டிலில் படுத்திருப்பவர் தினமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்: ‘இன்றைக்கு என் வயிற்று ஊசி போட்டாயிற்றா? இல்லையென்றால் ஏன், மறுபடி எப்போது?’

இப்படிக்கு,
குடல் நோய் மற்றும் ரத்த உறைவு சிகிச்சையில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள்